ஈரத்தலையனுக்கு வந்தவர்கள்

யோகராஜ் ஈரத்தலையனின் பெயரை வாங்கிய மறு வாரம், பூம்பாறைக்கு மேற்கே உள்ள அந்தப் பூண்டுக்காட்டுக்குள் கண்ணில் கறுப்புப் பெட்டி கட்டிய மனிதர்கள் வர ஆரம்பித்தார்கள். அவர்களுடைய கால் தரையில் படவில்லை, ஒரு சாண் மேலேயே நின்றது. வெயில் ஏறி மூடுபனி விலகியதும் வருவார்கள். கைகளை முன்னால் நீட்டிக் காற்றைத் தடவிக்கொண்டே, படிப்படியாக வெட்டிய காட்டின் அடித்தட்டிலிருந்து மேல்தட்டு வரைக்கும் நடப்பார்கள். மேல்தட்டின் விளிம்பைத் தாண்டியதும் இல்லாமல் போவார்கள். ஊர்க்காரர்கள் அவர்களை டூரிஸ்ட் என்றே நினைத்தார்கள், நினைத்ததில் தப்பும் இல்லை. கொடைக்கானலைச் சுற்றிப் பிழைக்கிறவர்களுக்கு டூரிஸ்ட் எந்த வடிவத்தில் வந்தாலும் பழக்கம்தான். காட்டுக்காரர் ஆண்டிச்சாமியின் மனைவி பொன்னுத்தாய் மரியாதைக்கு ஒரு டம்ளர் டீயை நீட்டிப் பார்த்தாள். நீட்டிய கையின் வழியாகவே ஒரு பெண் நடந்து போனாள். டீ ஆறிப்போனது, அவ்வளவுதான்.

யோகராஜ் அந்த வீட்டு மாப்பிள்ளை. குடியிருப்பது அட்டுவம்பட்டியில், செண்பகனூர் ரோட்டோரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. கொரோனாவுக்காக மலைச்சாலையை அடைத்த வருடம் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தவனுக்கு, போனில் பார்த்த ஒரு வீடியோ வழியாகப் புதிதாக ஒரு தொழில் வந்து சேர்ந்தது. இனிமேல் யாரும் பஸ் ஏறி ஊர் பார்க்கப் போகமாட்டார்கள், கண்ணில் ஒரு பெட்டியை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளிருந்தே எல்லா ஊருக்கும் போய் வருவார்கள், அதற்கு மெய்நிகர் உலகம் என்று பெயர், அங்கே கடை போடுகிறவனுக்கு இன்டர்நெட்டில் ஒரு விலாசம் வேண்டும், அந்த விலாசத்தை இப்போதே வாங்கிப் போட்டுவைத்தால் நாளைக்கு அவன் நம்மைத் தேடி வந்து சொன்ன விலைக்கு வாங்கிக்கொண்டு போவான் என்று வீடியோக்காரன் சத்தியம் செய்தான். ஊர்ப் பெயரின் வாலில் வி, ஆர் என்று இரண்டு எழுத்தை ஒட்டினால் தீர்ந்தது. மூளை உள்ளவனுக்கு இதில் சந்தேகம் வரும். யோகராஜுக்கு மூளை இருந்தது, வாடிக்கையாளர்தான் இல்லை. உட்கார்ந்து தேடினான். ஏரியின் பெயர் போய்விட்டிருந்தது. தூண் பாறை, பைன் காடு, வெள்ளி அருவி எல்லாம் போய்விட்டிருந்தன. கொடைக்கானல் குளிரைக் கனவில்கூடக் காணாத யாரோ அவற்றை வளைத்துப் போட்டிருந்தார்கள். மிச்சம் கிடந்த சின்னச் சின்ன ஊர்களை வாங்கினான், ஒன்றுக்கும் ஆள் வரவில்லை. அப்போதுதான் அவனுக்கு மாமனார் காதில் சொன்ன பெயர் ஞாபகம் வந்தது.

ஆண்டிச்சாமி வகையறாவில் ஒரு வழக்கம் உண்டு. காட்டுக்குப் பெயர் வைத்திருப்பார்கள், அதை வெளியாளிடம் சொல்ல மாட்டார்கள். பட்டாவில் சர்வே எண் இருக்கும், பக்கத்துக் காட்டுக்காரனுக்கே ஆண்டிச்சாமி காடு என்றுதான் தெரியும். விதைப்பன்று முதல் பூண்டுப் பல்லை ஊன்றும்போது வீட்டுக்குப் பெரியவர் குனிந்து மண்ணுக்குள் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். கூப்பிட்டால் காடு முகம் கொடுக்கும் என்பார்கள். கல்யாணம் கட்டி வீட்டுக்குள் வந்தவர்களுக்கு அவர்களுடைய முதல் விதைப்பில் காதோடு சொல்வார்கள். மகள் பாண்டிச்செல்வி யோகராஜை விரும்பிக் கட்டிக்கொண்டதில் ஆண்டிச்சாமி வெகுநாள் முகம் திருப்பிக்கொண்டிருந்தார். மனது இறங்கிய வருடம், மாப்பிள்ளையைக் காட்டுக்கு அழைத்து, செருப்பைக் கழற்றச் சொல்லி, தோளில் கைபோட்டு ஈரத்தலையன் என்று சொன்னார். கோடையிலும் உச்சித்தட்டில் ஊற்று கசிகிற காடு அது. யோகராஜுக்கு அழுகை வந்துவிட்டது.

அவன் அழுததற்குக் காரணம் இருந்தது. அவனுடைய அப்பா அழகர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிகளுக்கான வரிசைவீட்டில் பிறந்து, இரண்டு நாடுகளும் போட்ட ஒப்பந்தத்தில் இந்தப் பக்கம் கப்பலேற்றி அனுப்பப்பட்டவர். அந்த ஊரில் வேலை செய்த மண்ணுக்குப் பெயர் கிடையாது. மருமகள் வீட்டு வழக்கத்தைக் கேள்விப்பட்டு அழகர் சிரித்தார். “அங்க நமக்கு ஏழாம் நம்பர் மல, ஒம்பதாம் நம்பர் மலதான் தம்பி. காலைல பெரட்டுல ஆள் பிரிக்கையில நம்பரச் சொல்லுவான், போய்க் கொழுந்து எடுக்கணும். பேரு சொல்லிக் கூப்புட நம்ம மலையா அது?” இந்தப் பக்கம் வந்த பிறகும் குடியிருந்த இடத்துக்குப் பட்டா வாங்க அழகர் பாதி ஆயுளைத் தொலைத்தார். கையில் எது வந்தாலும் முதலில் உன் பேரில் பதிந்து வை, பதியாதது எதுவும் உன்னுடையது இல்லை என்பதுதான் அவர் மகனுக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே பாடம். அந்தப் பாடத்தை யோகராஜ் ஈரத்தலையனிடம் காட்டினான். பாதுகாக்கத்தான் வாங்கினேன் என்று பின்னால் சொன்னான், அது பொய்யும் இல்லை. ஆனால் அந்த விலாசத்தில் ‘விற்பனைக்கு’ என்று பலகை மாட்டியதும் அவன்தான்.

வந்தவர்கள் பெருகினார்கள். பள்ளிக்கூடத்துச் சீருடையில் பிள்ளைகள் வந்தார்கள், சக்கர நாற்காலியில் கிழவர்கள் வந்தார்கள், இந்த ஊர் ஜாடையே இல்லாத முகங்கள் வந்தன. சத்தம் ஒன்றும் இல்லை. நாய்கள் முதலில் குரைத்தன, பிறகு காட்டுப் பக்கமே வராமல் நிறுத்திக்கொண்டன. ஆண்டிச்சாமி கண்ணேறு கழியட்டும் என்று வரப்பில் பூசணிக்காய் பொம்மை கட்டினார். கண்ணையே மூடிக்கொண்டு வருகிறவர்களை அது என்ன செய்யும்? அந்தப் போகத்தில் பூண்டு நன்றாகவே திரண்டிருந்தது. பிடுங்கிக் காயவைத்து உரித்தபோதுதான் தெரிந்தது, உள்ளே பல் இல்லை. தோலுக்குள் தோல், அதற்குள்ளும் தோல், கடைசியில் ஒரு ஊது காற்று. வடுகபட்டிச் சந்தையில் வியாபாரி ஒரு பூண்டைக் கையில் நசுக்கிப் பார்த்துவிட்டு ஆண்டிச்சாமியின் முகத்தைப் பார்க்காமல் மூட்டையை ஒதுக்கி வைத்தார். பக்கத்துக் காடுகளில் பூண்டுக்கு ஒரு குறையும் இல்லை.

பாண்டிச்செல்வி கடையில் கணவனுக்குச் சோறு கொண்டுவந்த ஒரு மதியம், கம்ப்யூட்டரில் அந்தப் பெயரைப் பார்த்தாள். இங்கிலீஷ் எழுத்தில் இருந்தாலும் அப்பா பெயரைப் போல அவளுக்கு அது உடனே தெரிந்தது. தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள். “எங்கப்பா காதுல சொன்னத இதுலயா போட்டீங்க?” என்றாள். யோகராஜ் விளக்கினான். அங்கே ஒன்றுமே இல்லை, வெறும் பலகைதான், யாரும் அதற்குள் எதுவும் கட்டவில்லை என்றான். “ஒண்ணும் கட்டலேன்னா வர்றவுக எங்க போவாக? காட்டுக்குத்தான வருவாக” என்றாள் அவள். விலாசம் இருந்தது, வீடு இல்லை. தேடி வந்தவர்கள் வேறு வழியில்லாமல் நிஜமான இடத்துக்கே வந்துகொண்டிருந்தார்கள்.

அதே வாரம் கோயம்புத்தூரிலிருந்து சேனாதிபதி என்றொருவர் கூப்பிட்டார். விலாசங்களை வாங்கி விற்பதில் பழம் தின்று கொட்டை போட்டவர். மிகவும் தன்மையாகப் பேசினார். ஒன்றுமில்லாத ஒரு விலாசத்துக்கு இத்தனை பேர் வருவதை அவர் இதுவரை கண்டதில்லையாம், யோகராஜ் கேட்டதைக் கொடுப்பாராம். வாங்கியவர் அங்கே ஒன்றைக் கட்டிவிட்டால் கூட்டம் அதற்குள் போய்விடும், காடு தப்பித்துவிடும் என்று யோகராஜ் கணக்குப் போட்டான். ஆனால் பெயர் கைமாறிவிட்டால் அதற்குப் பிறகு ஆண்டிச்சாமி மண்ணில் குனிந்து எதைச் சொல்லிக் கூப்பிடுவார் என்பதை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மாமனாரைக் கேட்காமல் செய்யக்கூடாது என்று முடிவெடுத்தான். முன்பு கேட்காமல் செய்தவன் இப்போதாவது கேட்டானே என்று ஊரில் யாரும் அவனைப் பாராட்டவில்லை.

அது விதைப்புக் காலம். ஆண்டிச்சாமி வெள்ளனே எழுந்து குளித்து, ஊர்ச்சாமி வேலப்பருக்குச் சூடம் காட்டிவிட்டு, முதல் பல்லை ஊன்றிக் குனிந்தார். வாய் திறந்தது, பெயர் வரவில்லை. மறந்துபோகவில்லை, நெஞ்சில் இருந்தது, நாக்குக்கு ஏறவில்லை. ஊன்றிய பல்லை மண் தாங்கவில்லை, மேலே தள்ளிவிட்டது. மறுபடி ஊன்றினார், மறுபடி தள்ளியது. யோகராஜ் போய்ச் சேர்ந்தபோது அவர் வரப்பில் குத்தவைத்துப் பீடியைப் பற்றவைக்காமலேயே பிடித்துக்கொண்டிருந்தார். மகள் சொல்லி எல்லாம் தெரிந்திருந்தும் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் யோகராஜுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“பேரு இப்ப எங்க இருக்கு மாப்ளே?” என்று கேட்டார்.

யோகராஜ் ஏரிக்கரையில் டூரிஸ்ட்டுகளுக்குப் படம் காட்டுகிறவனிடமிருந்து ஒரு கறுப்புப் பெட்டியை வாங்கி வந்திருந்தான். அங்கே ஒன்றும் இல்லை என்பதை மாமனாரே தன் கண்ணால் பார்த்துவிட்டால் விற்பதற்குச் சம்மதிப்பார் என்பது அவன் எண்ணம். பெட்டிக்குள் போனைச் சொருகி, விலாசத்தைத் திறந்து, தலைப்பாகையை எடுத்துவிட்டு அவர் கண்ணில் கட்டினான். வெறும் வெள்ளைப் பலகை தெரியும் பாருங்க என்றான். ஆண்டிச்சாமி எழுந்து நின்றார். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். பிறகு, “இல்ல மாப்ளே, எல்லாம் இங்கனதான் கெடக்கு. ஊத்துத் தண்ணி சத்தங்கூடக் கேக்குது” என்றார். கையை முன்னால் நீட்டினார். பொன்னுத்தாய் கீழ்த்தட்டிலிருந்து எதற்கோ அவரைக் கூப்பிட்டாள். இந்தா வர்றேன் என்று சொல்லிக்கொண்டே அவர் மேலே நடந்தார். அவருடைய கால் தரையை விட்டுக் கிளம்பியதை யோகராஜ் பார்த்தான், ஓடினான். மேல்தட்டின் விளிம்பில் பெட்டி மட்டும் கீழே விழுந்தது. போன் உடையவில்லை. அதில் வெள்ளைப் பலகைதான் தெரிந்தது.

தேடினார்கள். போலீஸ் வந்து எழுதிக்கொண்டது, வனத்துறை ஆட்கள் சோலைக்காட்டுக்குள் இறங்கிப் பார்த்தார்கள். ஒரு வாரம் கழித்து ஆண்டிச்சாமி தாமாகவே வந்தார். வெயில் ஏறியதும், வந்தவர்களுக்கு நடுவில், அதே வேட்டியில், கண்ணில் ஒன்றும் கட்டாமல், அடித்தட்டிலிருந்து கையை நீட்டிக்கொண்டு நடந்தார். பாண்டிச்செல்வி அப்பா, அப்பா என்று கூடவே ஓடினாள். அவர் கண் திறந்திருந்தது, இந்தப் பக்கம் பார்க்கவில்லை. மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறவர்களைப்போல் நடந்தார்கள், அவர் மட்டும் தட்டுக்குத் தட்டு நின்று குனிந்து மண்ணில் எதையோ ஊன்றுவதுபோல் செய்தார். விளிம்பைத் தாண்டினார். மறுநாளும் வந்தார்.

யோகராஜ் பெயரை அழித்துவிடத் துணிந்தான். பொன்னுத்தாய்தான் தடுத்தாள். “வேணாம் மாப்ளே. அவரு வர்ற வழிய அடைச்சுப்புடாதீங்க” என்றாள். சேனாதிபதி தொகையைக் கூட்டிக்கொண்டே போனார், பிறகு சலித்துப்போய் விட்டுவிட்டார். யோகராஜ் மற்றப் பெயர்களை எல்லாம் காலாவதியாக விட்டான். இந்த ஒன்றை மட்டும் ஆடிக்கு ஆடி பணம் கட்டிப் புதுப்பித்தான். அந்த ஒரு நாள் பாண்டிச்செல்வி கடைக்கு வந்து அவன் நாற்காலிக்குப் பின்னால் நிற்பாள், திரையில் பணம் சேர்ந்தது என்று பச்சை எழுத்து வந்ததும் போய்விடுவாள். மற்ற நாட்களில் அவர்களுக்குள் பேச்சு சாப்பிட வாங்க என்பதற்கு மேல் போகவில்லை. ஒரு வருடம் மழையில் மரம் விழுந்து மலை முழுக்கக் கரண்டும் சிக்னலும் போயின. புதுப்பிக்கிற நாள் தாண்டிவிட்டது. மறுநாள் வந்த ஆண்டிச்சாமிக்குக் கை முழங்கை வரைக்கும்தான் இருந்தது, அதற்கு மேல் நீட்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. யோகராஜ் அந்த மழையிலேயே பைக்கை எடுத்துக்கொண்டு வத்தலகுண்டு வரை இறங்கிப் போய்ப் பணம் கட்டினான். கைகள் திரும்பி வந்தன, இடது சுண்டுவிரல் வரவில்லை. அன்றிலிருந்து அவன் மலையை விட்டு எங்கும் போவதில்லை, காய்ச்சலில் படுத்தாலும் தலைமாட்டில் போன் இருக்கும். தனக்குப் பிறகு யார் புதுப்பிப்பது என்ற நினைப்பில் ராத்திரியில் எழுந்து தேதியைப் பார்த்துக்கொள்வான். மகள் பிறந்தபோது அவன் முதலில் நினைத்தது அதைத்தான், நினைத்ததற்காக வெட்கப்பட்டான்.

பொன்னுத்தாய் காட்டைக் குத்தகைக்கும் விடவில்லை, தரிசாகவும் போடவில்லை. அவள் ஊன்றாமலே முளைத்த பல் இல்லாத பூண்டை வருடா வருடம் பிடுங்கி அடுப்புக்குப் போட்டாள். சமையலை வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட்டு வரப்பில் வந்து உட்காருவாள். நேற்றைக்குச் சீக்கிரம் போய்விட்டார், இன்றைக்கு மேல்துண்டு இல்லாமல் வந்திருக்கிறார், சளி பிடிக்கும் என்று பக்கத்துக் காட்டுக்காரியிடம் சொல்வாள். அவளும் ஆமாம் அக்கா என்பாள்.

போன ஐப்பசியில் யோகராஜ் அங்கே போயிருந்தான். மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று அவனுக்குப் பல நாளாக இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு நடுத்தட்டில், ஆண்டிச்சாமி வருகிற வழியில் போய் நின்றான். வந்தவர்கள் அவன் ஊடாக நடந்து போனார்கள், வெறும் குளிர் மட்டும் தெரிந்தது. ஆண்டிச்சாமி வந்தார். நீட்டிய கை யோகராஜின் முகத்தில் பட்டு நின்றது. அந்தக் கை மட்டும் ஊடுருவிப் போகவில்லை. நெற்றி, மூக்கு, தாடை என்று தடவிப் பார்த்தது. யோகராஜ் மாமா என்றான். கை ஒரு கணம் யோசித்ததுபோல் இருந்தது, பிறகு அவன் தோளைப் பிடித்து மெதுவாக ஓரத்துக்குத் தள்ளியது. அவன் நின்றிருந்த இடத்தில் அவர் குனிந்து ஒரு பல்லை ஊன்றினார்.

“வழியில நிக்காதீங்க மாப்ளே” என்றாள் வரப்பிலிருந்து பொன்னுத்தாய். “அவருக்குச் சோலி கெடக்கு.”

யோகராஜ் கீழ்த்தட்டுக்கு இறங்கி ஓரமாக நின்றுகொண்டான்.