பஸ் ஏறிய சவுக்குத் தோப்பு

1

1974 சித்திரையில் கோவளத்துச் சவுக்குத் தோப்பு ஒன்று என் பஸ்ஸில் ஏறிச் செங்கல்பட்டுக்குப் போய், தான் தோப்புதான் என்று அதிகாரி முன்னால் நிரூபித்துவிட்டுத் திரும்பி வந்தது. அதற்கு லக்கேஜ் டிக்கெட் கிழித்த கண்டக்டர் நான்தான்.

நம்ப வேண்டாம். என் சிநேகிதர் சுப்புராமனே நம்பவில்லை. அவர் அப்போது அந்த அதிகாரியின் நகரமைப்பு ஆபீசில் கிளார்க். "அடிச்சு விடாதே தனகோடி" என்றார். அந்த ரோஷத்தில் பிறந்ததுதான் இந்தக் கதை. ரிட்டயரானவனுக்கு ரோஷமும் அதிகம், நேரமும் அதிகம்.

2

முதல் தொடக்கம்: 'அலைகள் கரையைத் தழுவ, மாலைச் சூரியன்...'

(அடித்துவிட்டேன். தோப்புக்காரி பதருன்னிசாவுக்கு அப்போது சூரியன்தான் எதிரி.)

புருஷன் போனபின், நகையை விற்றுக் குத்தகைக்கு எடுத்த மணலில் அவள் சவுக்கு நட்டிருந்தாள். இளஞ்செடி, குடத்தில் மொண்டு ஊற்றினால்தான் பிழைக்கும். தண்ணீர் ஊற்றும் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பங்கு நிலம்; ஊற்றுவதற்குக் கூலி. யார் பங்கு எது என்று சண்டை வராமலிருக்க, மாமல்லபுரத்துச் சிற்பிகள் ஒதுக்கிய கல்துண்டுகளை மூலைக்கு மூலை நட்டு வைத்தாள்.

அதுதான் வினை. ஜீப்பில் போன புது அதிகாரியின் கண்ணில் செடி படவில்லை, கல் பட்டது. அனுமதியில்லாமல் வீட்டுமனை போடுகிறாள் என்று நோட்டீஸ்: நேரில் வந்து பார்க்கும்வரை நிலத்தில் எந்த வேலையும் கூடாது. தண்ணீர் ஊற்றுவதும் வேலையா என்று கேட்டாள். வேலைதான் என்றார்கள்.

"எப்ப வந்து பாப்பாராம்?" என்றாள் பொன்னி. ஒரு பங்குக்குத் தண்ணீர் ஊற்றுகிறவள்.

"ஜீப்பு ரிப்பேராம். அடுத்த மாசமாம்."

"அதுக்குள்ள செடி வெறகாப் பூடும்க்கா. அப்பால வந்து இன்னாத்த பாப்பாரு, அடுப்பையா?"

பதருன்னிசா துப்பட்டியை இழுத்துச் செருகினாள். "அவரு தோப்பாண்ட வரலன்னா, தோப்பு அவராண்ட போவட்டும்."

3

பட்டுப்போன செடிக்குப் பதில் நட, தொட்டிகளில் கன்றுகள் வைத்திருந்தாள். பெண்கள் ஆளுக்கு இரண்டாகத் தூக்கினார்கள்: தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்று. மடியில் மூலைக்கல். என் பஸ்ஸுக்குள் ஐந்நூறு செடி.

(படித்துப் பார்த்த சுப்புராமன் ஓரத்தில் எழுதியது: 'அப்போ டிரைவர் எங்கே உட்கார்ந்தார்?' சரி, முந்நூறு.)

"இன்னாமே இது? இதுக்கெல்லாம் யாரு டிக்கெட் எடுக்கறது?" என்றேன்.

"ஒரு வயசுகூட ஆவல நைனா," என்றாள் பொன்னி. "கைப்புள்ளைக்குமா டிக்கெட்டு?"

திருப்போரூர் தாண்டியதும் எஞ்சின் புகைந்து, பஸ் நடுரோட்டில்...

(இல்லை. பஸ் நன்றாகவே ஓடியது. செடி வாடிக்கொண்டிருக்கும்போது கதையை இழுக்க எனக்கு மனசு வரவில்லை.)

4

திரும்பும் பஸ்ஸில் பதருன்னிசா சொன்னது இது.

ஆபீஸ் வராந்தாவில், தோப்பில் இருக்கிற வரிசையிலேயே கன்றுகளை வைத்தார்கள். மூலைக்கு மூலை கல். அதிகாரி அறையைவிட்டு வெளியே வரக் கால் வைக்க இடமில்லை.

"என்னம்மா இதெல்லாம்?"

"என் மனைங்க, சார். எதுல வூடு கட்றதுன்னு நீங்களே காட்டுங்க."

"கல்லு எதுக்கு நட்டீங்க?"

"இல்லாங்காட்டி இந்தப் பக்கத்துப் பங்குக் காசியம்மா என் பங்குலயும் ஊத்திட்டுக் கூலி கேப்பா சார்," என்றாள் பொன்னி. காசியம்மாள் அங்கேயே அவளை ஒரு பிடி பிடித்தாள்.

அதிகாரி கல்லைப் பார்த்தார், செடியைப் பார்த்தார், சிரித்துவிட்டார். "கட்டடத்துக்கும் மனைக்கும்தான் எங்க அனுமதி. மரம் வளர்க்க எதுக்கும்மா? போய்த் தண்ணி ஊத்து."

பதருன்னிசா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். யாரோ ஒரு கிளார்க் தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார். பாதியைக் குடித்தாள். மீதியைப் பக்கத்துக் கன்றுக்கு ஊற்றினாள்.

5

முடிவுகள் இரண்டு கைவசம் உண்டு. ஒன்று, அன்று மாலையே கொட்டித் தீர்த்த மழை. இன்னொன்று, அதிகாரியே ஒரு செடியைத் தலையில் சுமந்து பஸ்வரை வந்தது. பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள், செடிக் கணக்கையும் உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

கருங்குழியில், சுப்புராமன் வீட்டு வாசலில் உட்கார்ந்து இரண்டையும் படித்துக் காட்டினேன்.

"மழையும் பெய்யலை, அவர் செடியும் தூக்கலை," என்றார்.

"அப்போ எல்லாமே பொய்யா?"

அவர் வாசலில் நின்ற கிழட்டுச் சவுக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐந்நூறு, முந்நூறுன்னா எவன்யா ஒத்துப்பான்? ஆனா வராந்தா ரொம்பித்தான் இருந்தது. தண்ணி கொடுத்தது நான். போறப்போ அந்தம்மா இதை என் கையில கொடுத்துட்டுப் போச்சு. தோப்பு வந்ததுய்யா, தனகோடி. வந்தது."