மாதக் கடைசிச் சர்க்கரை

சர்க்கரை டின்னைக் கவிழ்த்து, அதன் அடியில் உள்ளங்கையால் ஓங்கித் தட்டினாள் ரேடியோ சித்தி. நாலைந்து துகள்கள் மேடையில் விழுந்தன. அதையும் விரலால் ஒற்றிப் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்த பருப்பு டின்னைத் திறந்தாள். காலி. மாவு டின்னில் ஒரு பிடி கிடந்தது. எண்ணெய்ப் பாத்திரத்தில் கசடுதான் மிச்சம்.

“என்னடி இது, துடைச்சு வெச்சாப்ல இருக்கு? எங்கக்கா இத்தனை நாளா எதத் தின்னு உசிர வெச்சிருந்தா?”

மருமகள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தேயிலைத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. கூடத்தில் அத்தையைப் படுக்க வைத்திருந்தார்கள். காலையில் எழுந்து பல் தேய்த்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்து, “கொஞ்சம் கிறுகிறுன்னு வருது” என்று கட்டிலில் உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். டாக்டர் வந்து பார்த்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அவ்வளவு சுருக்கமாக முடிந்தது. சாயங்காலம் வண்டி வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

ரேடியோ சித்தி இறந்தவளின் தங்கை. எந்தச் சேதியையும் சூடு ஆறுவதற்குள் ஊர் முழுக்க ஒலிபரப்பிவிடுவாள் என்பதால் மருமகளின் கணவன் சின்ன வயதிலேயே வைத்த பெயர். அவளுக்கும் அது தெரியும். அப்படியொன்றும் வருத்தப்பட்டவளாகத் தெரியவில்லை.

“சித்தி, சத்தம் போடாதீங்க” என்று வாசற்படியிலிருந்து குரல் வந்தது. நாத்தனார். சேதி கேட்டுக் கிடைத்த பஸ்ஸில் வந்து இறங்கியவள், அழுது ஓய்ந்து, கண்ணெல்லாம் வீங்கி நின்றாள். “மாசக் கடைசியில எங்க வீட்டு டின்னு எப்பதான் நிறைஞ்சிருந்துது? உங்களுக்குத் தெரியாதா? எங்கம்மா மாசத்துல ஒரு நாள்தான் கடைக்குப் போவா. தீர்ந்தா தீர்ந்ததுதான். நடுவுல ஒரு தீப்பெட்டிகூட வாங்க மாட்டா.”

“அது சரி, நீங்க சின்னப் பிள்ளைங்களா இருந்தப்ப. இப்பவுமா?”

“இப்பவும்தான். கேட்டுப் பாருங்க இவள.”

மருமகள் தலையை ஆட்டினாள்.

உண்மைதான். ஒன்றாம் தேதி காலையில் அத்தை புறப்படுவதைப் பார்த்தால் படை கிளம்புகிற மாதிரி இருக்கும். மகன் ஒரு சாக்கு, மருமகள் இரண்டு பைகள், அத்தையிடம் ஒன்றும் கிடையாது, கைவீச்சுதான். சீட்டு எழுதிக்கொள்ளும் பழக்கமில்லை. எல்லாம் மண்டைக்குள்ளேயே இருந்தது. கடைக்காரர் அவள் தலையைக் கண்டதும் ஸ்டூலை எடுத்துப் போடுவார். அரிசியை வாயில் போட்டு மென்று, பருப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, சோப்பை முகர்ந்து, மாதம் முழுக்க வேண்டியதையெல்லாம் ஒரே மூச்சில் வாங்கிக்கொண்டு வாடகை வண்டியில் ராணி மாதிரி திரும்புவாள். அதற்குப் பிறகு அடுத்த ஒன்றாம் தேதி வரைக்கும் அவளைப் பொறுத்தவரை உலகத்தில் கடை என்று ஒன்று கிடையாது. பாலும் காய்கறியும் வாசலுக்கு வந்தன. அவற்றை அவள் கடைக் கணக்கில் சேர்க்கவில்லை.

“நம்ம வீட்டு அடுப்பு எரியுதா அணைஞ்சிருக்கான்னு கடைக்காரனுக்கு எதுக்குத் தெரியணும்?” என்பாள். கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி என்று எந்த இடத்தில் நாலு சொந்தக்காரர்கள் கூடினாலும் இந்தப் பேச்சு வந்துவிடும். புருஷன் போன பிறகு இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, யார் வீட்டிலும் ஒரு கரண்டி சர்க்கரை கேட்காமல் வாழ்ந்தவள். அவளுக்கு வாய்த்த ஒரே பெருமை அது. அதைத் தூசி தட்டித் தட்டி வைத்துக்கொண்டிருந்தாள்.

கணவன் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தான். பஸ் ஓட்டுகிறவன். வீட்டில் யார் கத்தினாலும் தனக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரு முன்கண்ணாடி இருப்பதுபோல் பார்த்துக்கொண்டு நிற்பான்.

“ஆளுங்க வந்துட்டே இருக்காங்க. டீக்குச் சக்கரை இல்லையாமே? நான் போய் வாங்கிட்டு வரவா?”

“இன்னிக்கா?” என்றாள் நாத்தனார். “அம்மா இன்னும் கூடத்துல இருக்கா. அவ இருக்கும்போதே இந்த வீட்டுக்குள்ள ஒண்ணாந்தேதிக்கு முன்னாடி மளிகைப் பொட்டலம் வரணுமா? வேணாம்டா. சக்கரை இல்லாமலே குடிக்கட்டும். வந்தவங்களுக்கு நான் சொல்லிக்கிறேன்.”

சொல்லவும் செய்தாள். டம்ளர் டம்ளராகக் கொடுத்து, “எங்கம்மா வீட்டு மாசக் கடைசி டீ, அப்படித்தான் இருக்கும்” என்று அவள் சொன்னபோது நாற்காலிகளில் இருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வாய்க்குள் போனதும் முகம் கோணியதையும் சேர்த்து மறைத்துக்கொள்ள அது வசதியாக இருந்தது. ஒரு பெரியவர் மட்டும், “எனக்குச் சக்கரை வியாதி, எனக்கேத்த வீடு” என்று இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கினார்.

மருமகள் அத்தையின் கால்மாட்டில் போய் உட்கார்ந்தாள். கூட்டத்தோடு சேர்ந்து அவளுக்கும் அழுகை வந்தது. கூடவே சிரிப்பும் வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

மாதா மாதம் சர்க்கரை ஏன் முதலில் தீர்கிறது என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அத்தைதான் காரணம். முதல் இரண்டு வாரம் அவளுடைய டீயைப் பாகு என்றுதான் சொல்ல வேண்டும். “ஒரு கிலோ கூடப் போட்டு வாங்கிடலாமே அத்தை” என்று மருமகள் புதிதில் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். “அளவுன்னு ஒண்ணு இருக்கில்ல?” என்று பதில் வந்தது. கடைசி வாரத்தில் அளவு தன் வேலையைக் காட்டும். அத்தை வெறும் டீயை மருந்து மாதிரி கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவாள். ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டாள்.

மருமகளுக்கு மருந்துக் கடையில் வேலை. அப்படியொரு கடைசி வாரத்தில், திரும்பி வரும் வழியில், மனசு கேட்காமல் தனக்காக ஒரு சின்னச் சர்க்கரைப் பொட்டலம் வாங்கினாள். மருந்துக் கவருக்குள் போட்டு மடித்துக் கொண்டுவந்துவிட்டாள். அன்று அவசரத்தில் டம்ளர் மாறிப் போனது. அத்தை ஒரு வாய் குடித்தாள். டம்ளரைப் பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள். மருமகளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

“டீ இன்னிக்கு நல்லா கொதிச்சிருக்கு” என்றாள் அத்தை. மிச்சத்தையும் குடித்துவிட்டு எழுந்து போனாள்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒவ்வொரு கடைசி வாரமும் நாலு மணி டீ நல்லாக் கொதித்தது. கணவன் வேலைக்குப் போயிருக்கும் நேரம். மருமகளுக்கு அந்த வாரங்களில் காலை ஷிப்ட் என்பது எப்படியோ அமைந்துவிட்டது. கொஞ்ச நாளில் டம்ளருக்குப் பக்கத்தில் தேங்காய் பிஸ்கட் இரண்டு வைத்துப் பார்த்தாள். அதுவும் உள்ளே போயிற்று. எங்கிருந்து வந்தது என்று அத்தை கேட்கவில்லை. இவள் சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில் இருவரும் அதைப் பற்றி ஒரு சொல் பேசிக்கொண்டதில்லை. மற்ற மாமியார் மருமகள்கள் போல் இவர்களும் சண்டை போட்டார்கள்தான், நாள் கணக்கில் பேசாமல்கூட இருந்திருக்கிறார்கள். நாலு மணி டீ மட்டும் நிற்கவில்லை. நேற்றும் குடித்தாள்.

“போர்வை இது பழசா இருக்கே. வேற நல்லதா ஒண்ணு போடுங்கப்பா” என்று யாரோ சொன்னார்கள்.

“நான் எடுத்தாறேன்” என்று ரேடியோ சித்தி எழுந்தாள்.

உள்ளே பீரோக் கதவு கிறீச்சிடும் சத்தம் கேட்ட பிறகுதான் மருமகளுக்கு உறைத்தது. எழுந்து ஓடினாள். பிரயோஜனமில்லை. சித்தி எதிரிலேயே வந்துகொண்டிருந்தாள். ஒரு கையில் போர்வை, இன்னொரு கையில் மருந்துக் கவர். கவரின் வாயைப் பிரித்துப் பார்த்தபடியே கூடத்துக்கு நடுவில் வந்து நின்றாள்.

“போர்வை மடிப்புக்குள்ள இருந்துது. என்ன மருந்துன்னு பாருங்க எல்லாரும்.”

பாதி காலியான சர்க்கரைப் பொட்டலம். ரப்பர் வளையம் போட்டுச் சுற்றிய பிஸ்கட் பாக்கெட்.

“ஓஹோ, இதுதான் சேதியா? அங்க ஒரு கிழவி சக்கரை இல்லாம கசப்பக் குடிச்சுக்கிட்டிருக்கா. இங்க மகாராணி போர்வைக்குள்ள ஒளிச்சு வெச்சுத் தின்னுட்டிருக்கா! இதுக்குத்தான் டின்னெல்லாம் காலியா? ஏம்மா, ஒரு பிஸ்கட்டு அவளுக்குக் கொடுத்தா குறைஞ்சா போயிடுவே?”

டம்ளர் வைத்திருந்தவர்கள் டம்ளருக்குள் பார்த்தார்கள். கணவன் அந்தப் பொட்டலத்தைப் பார்த்தான், பிறகு இவளைப் பார்த்தான். இந்தத் தடவை நடுவில் கண்ணாடி இல்லை. அடிபட்ட முகம்.

ஒரு வாக்கியம் போதும். ‘அத்தைக்குத்தான் வாங்கினேன், அத்தைதான் குடிச்சாங்க, தெரிஞ்சேதான் குடிச்சாங்க.’ நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. நிமிர்ந்தாள். நாத்தனார் சுவரில் சாய்ந்து நின்றாள். காலையிலிருந்து வந்தவர்களிடமெல்லாம் ஒரே பெருமையைச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போனவள். கட்டிலில் அத்தை வாயை இறுக்கி மூடிக்கொண்டு படுத்திருந்தாள். உயிரோடு இருந்திருந்தாலும் இந்த இடத்தில் அவள் வாயைத் திறந்து மருமகளைக் காப்பாற்றியிருக்க மாட்டாள். அதில் மருமகளுக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் அந்த முகத்திலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. இந்தக் கிழவி மேல் இவ்வளவு பிரியம் தனக்கு எப்போது வந்தது என்று புரியவில்லை.

“எனக்குத்தான் வாங்கினேன் சித்தி” என்றாள். “எனக்குச் சக்கரை இல்லாம முடியாது. அத்தைக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா வீட்டுக்குள்ள விட்டிருக்க மாட்டாங்க.”

“கேட்டுக்கங்க” என்றாள் சித்தி, எல்லோரையும் பார்த்து.

கணவன் எழுந்து வெளியே போய்விட்டான். நாத்தனார் வந்து சித்தியின் கையிலிருந்து கவரை வாங்கினாள். மருமகளின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று இவள் நின்றாள். அவள் கவரைச் சமையலறைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, போர்வையை உதறி அம்மாவுக்குப் போர்த்திவிட்டாள்.

வண்டி சொன்னதற்கு முன்னதாகவே வந்துவிட்டது. ஆண்களில் பாதிப் பேர் அதோடு போனார்கள். மிச்சப் பேர் நாற்காலிகளை மடக்கிச் சுவரோரம் சாய்த்தார்கள். கட்டில் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. மருமகள் அந்த இடத்தைத் துடைத்தாள். அவள் துடைத்துக்கொண்டு போகப் போக, பெண்கள் காலைத் தூக்கி வழிவிட்டார்கள். பேச்சுக் கொடுக்கவில்லை. ரேடியோ சித்தி வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரியிடம் ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள்.

துணியைப் பிழிந்து போட்டுவிட்டுச் சமையலறைக்குள் வந்தபோது நாத்தனார் அடுப்பு முன்னால் நின்றிருந்தாள். மேடையில் இரண்டு டம்ளர்கள். பக்கத்தில் சர்க்கரைப் பொட்டலம் பிரித்தபடி இருந்தது.

“கதவச் சாத்திட்டு வா” என்றாள்.

மருமகள் சாத்தினாள். நாத்தனார் பேசினால் நியாயமாகத்தான் பேசுவாள், எதைச் சொன்னாலும் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்துகொண்டாள்.

நாத்தனார் ஸ்பூனைப் பொட்டலத்துக்குள் விட்டாள். திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

“அம்மாவுக்கு எத்தனை போடுவே?”

“இல்லக்கா, அத்தைக்குத் தெரியாது. நான்தான்...”

“அதெல்லாம் அங்க சொல்லிட்டே. நல்லாவே சொன்னே. இங்க யாரும் இல்ல. எத்தனை?”

மருமகள் சாத்திய கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

“ரெண்டரை.”

நாத்தனார் தலையை ஆட்டிக்கொண்டாள். சர்க்கரை போட்டுக் கலக்கினாள். வெகு நேரம் கலக்கினாள்.

“நான் இருந்தப்ப மூணு” என்றாள். “ஸ்கூல் பையில புஸ்தகத்துக்கு அடியில கொண்டாருவேன். தம்பிக்குக்கூடத் தெரியாது. கல்யாணமாகிப் போறப்ப எனக்கிருந்த ஒரே கவலை, இனிமே இவளுக்கு யார் வாங்கியாருவான்னுதான்.”

வாசலிலிருந்து ரேடியோ சித்தியின் குரல் கேட்டது. போர்வை மடிப்பு வரைக்கும் வந்திருந்தாள்.

நாத்தனார் ஒரு டம்ளரை மருமகளின் பக்கம் நகர்த்தினாள்.

“ரெண்டரைதானா?” என்றாள். “வயசாச்சில்ல, குறைச்சிட்டிருக்கா.”

மேடையில் சாய்ந்து நின்றபடி இருவரும் ஊதி ஊதிக் குடித்தார்கள்.