லைன் அறுந்தால் எல்லாம் காலி

இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் நாக்கு அழுகட்டும்.

கம்ப்யூட்டர் திரையின் விண்டோக்களை மேய்க்கும் புரோகிராம் எழுதுகிறவர் அந்த இன்ஜினியர். திரையில் ஓடும் வேறு புரோகிராம் ஏதாவது பாதியில் இணைப்பறுந்து செத்தால், அதன் விண்டோக்கள் திரையில் பிணமாய்க் கிடந்து மெமரியைத் தின்றன. வெறுத்துப்போய், "இணைப்பு அறுந்தவருடையது எதுவானாலும் உடனே துடை" என்று எழுதி ஓடவிட்டார். அந்த நிமிடம் பார்த்தா மனைவி போனில் திட்டிவிட்டு லைனைத் துண்டிக்க வேண்டும்!

பதறியடித்து வீட்டுக்கு ஓடினார். அவளுடைய நாற்காலி இல்லை, செருப்பு இல்லை, கட்டிலில் சரிபாதி இல்லை. அவளே முழங்கால் வரை மறைந்து அந்தரத்தில் நின்றாள்.

"ஆபீஸ் போன் இந்தா. என் நம்பருக்கு அடிடி, இணைப்பு வந்தா நின்னுடும்!"

"முதல்ல மன்னிப்புக் கேளுங்க."

"மன்னிச்சுடு தாயே!"

"எதுக்காம்?"

அதுதான் அவருக்கு ஞாபகம் இல்லை. இடுப்பும் மறைந்தது.

"எல்லாத்துக்கும்டி! பொறந்ததுக்கும் சேர்த்து!" என்று அலறினார்.

கழுத்துக்கு மேலே மட்டும் மிஞ்சியபோது, அவள் மூக்கால் நம்பரை அழுத்தினாள். மணி அடித்தது. கால்வரை திரும்பி வந்துவிட்டாள்.

அந்த இன்ஜினியருக்கு இன்றுவரை கல்யாணம் ஆகவில்லை.