கூடுதலாக மூன்று தையல்

இரண்டு லட்சத்துப் பதினேழாயிரத்து நானூற்று முப்பது. பை கம்பெனி பதினாலக்காவுக்குத் தர வேண்டிய பணம் அது. பதினெட்டு வருட வேலைக்கான பணிக்கொடை, கடைசி இரண்டு மாதச் சம்பளம், எடுக்காத விடுப்பு எல்லாம் சேர்ந்த தொகை. கதவைப் பூட்டிக்கொண்டு வெளிநாட்டுக்குப் போனபோது கம்பெனி அதைக் கொடுக்காமல் போனது. ஒன்பது வருடமாக வழக்கு நடந்துகொண்டிருந்தது. வாய்தாவுக்கு நடந்து நடந்து செருப்பு தேய்ந்ததுதான் கண்ட பலன். ஆனாலும் அவளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால்கூடக் கடைசி முப்பதை விடாமல் சொல்வாள்.

இப்போது அந்தப் பணத்துக்கு ஒரு போக்கிடமும் வந்திருந்தது. அவள் குடியிருக்கும் இரண்டு அறைகளை வீட்டுக்காரர் விற்கப் போகிறார். இரண்டு லட்சம் முன்பணம் கொடுத்தால் மீதியைத் தவணையில் கட்டலாம் என்றார். வருடக் கடைசி வரை வேறு யாருக்கும் பேச மாட்டேன் என்றும் சொன்னார். நல்ல மனிதர். ஆனால் வருடம் முடிய நான்கு மாதம்தான் இருந்தது.

பதினாலு என்பது அவளுடைய மிஷினின் எண். பையின் தோள்வாரை அடியில் சேர்த்துத் தைப்பது அவள் வேலை. ஒரு சதுரம், அதற்குள் ஒரு பெருக்கல் குறி. அந்த வேலைக்கு எட்டு மிஷின்கள் இருந்தன. பதினாலாம் மிஷினுக்கு மட்டும் பிரேக் தேய்ந்துபோயிருந்தது. காலை எடுத்த பிறகும் அது சதுரத்தைத் தாண்டி மூன்று தையல் ஓடித்தான் நிற்கும். மிஷின் பழுதுபார்க்கிறவரை எல்லோரும் ஸ்பேனர் என்று கூப்பிடுவார்கள். அவரிடம் புது பிரேக் கேட்டுக் கேட்டு அவளுக்கு வாய் வலித்தது. அவர் சிரிப்பார். நீயும் உன் மிஷினும் ஒரே சாதி, நிறுத்து என்றால் மூன்று வார்த்தை கூடுதலாகப் பேசிவிட்டுத்தான் நிறுத்துவீர்கள் என்பார். பை கிழிந்தது என்று யாரும் திருப்பி அனுப்பாததால் மேற்பார்வையாளரும் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டார்.

கம்பெனி போவதற்கு மூன்று மாதம் முன்பு இரண்டு பேர் கேமராவோடு வந்தார்கள். தரத்துக்கான பரிசுக்குப் படம் எடுக்கிறோம், உங்களில் வேலை சுத்தமான ஆள் யார் என்று கேட்டார்கள். அத்தனை பேரும் பதினாலக்காவைக் காட்டினார்கள். நான்கு நாள் அவள் முகத்தை விட்டுவிட்டு அவள் கைகளை மட்டும் படம் பிடித்தார்கள். அந்த மூன்று தையல் ஓடும்போதெல்லாம் அவளுக்குக் கூச்சமாக இருந்தது. பரவாயில்லை, எப்போதும் செய்வதுபோலச் செய்யுங்கள் என்றார்கள். பரிசு வரவில்லை, பூட்டுதான் வந்தது. அந்தப் படத்தைப் போட்டுக் காட்டித்தான் வெளிநாட்டில் புது ஆட்களைப் பழக்கினார்கள் என்று பிறகு தெரிந்தது.

அப்படிப் போன கம்பெனி திரும்பி வரப்போகிறது என்ற பேச்சு இந்த வருடம் கிளம்பியது. வெளிநாட்டுக்குப் போன தொழிற்சாலைகளைத் திரும்ப அழைத்து வர அரசாங்கம் ஒரு திட்டம் போட்டிருந்தது. திரும்பி வந்தால் ஐந்து வருடம் வரி கிடையாது, ஓர் ஆளுக்கு வேலை கொடுத்தால் பாதிச் சம்பளத்தை அரசாங்கமே கொடுக்கும். டீக்கடையில் இதே சண்டைதான். ஸ்பேனருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நம் வயிற்றில் அடித்துவிட்டு ஓடிப்போனவனுக்கு நம் வரிப்பணத்தில் வண்டிச் செலவு கொடுத்துக் கூட்டி வருகிறார்கள், இருக்கிறவனுக்கு என்ன கொடுத்தார்கள் என்றார். பதினாலக்கா மறுத்துப் பேசினாள். கொடுத்தால் கொடுக்கட்டும், ஊரில் பாதிப்பேர் அடுத்தவர் வீட்டுப் பாத்திரம் கழுவுகிறோம், மிஷின் சத்தம் கேட்டால் போதும் என்றாள். அன்று அவள் பக்கம்தான் ஆள் அதிகம்.

திட்டத்தின் விவரத்தையெல்லாம் அவளுக்குச் சொன்னது அவள் தம்பி. சங்கத்தின் செயலாளர் அவன். அவனைக் கம்பெனியில் சேர்த்துவிட்டதும், ஊசியில் நூல் கோக்கக் கற்றுக்கொடுத்ததும் அவள்தான். இருநூற்றுப் பதினாலு பேருக்காக வழக்கைத் தோளில் போட்டு நடத்தியவன் என்பதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு. வழக்கு இருக்கும்போது வேலைக்குச் சேரலாமா என்று அவள் கேட்டாள்.

"அது பாட்டுக்கு அது, இது பாட்டுக்கு இது, அக்கா. கேஸை நான் பாத்துக்கறேன். நீ மொத ஆளா போய் உக்காரு."

அவள் போய் உட்கார்ந்தாள். அறுபது பேரை எடுத்திருந்தார்கள், திட்டத்தைத் திட்டிய ஸ்பேனரும் அதில் ஒருவர். பழைய கூடத்துக்கு வெள்ளையடித்திருந்தார்கள். மிஷின் பத்துதான் இருந்தது. இருநூறு மிஷின் அடுத்த கப்பலில் வருகிறது, அதுவரை பழைய சரக்கை முடித்துக் கொடுங்கள் என்றார் புது மேலாளர். ஒன்பது வருடம் முன்பு நீங்கள் தைத்து, விற்காமல் கிடங்கில் கிடந்த பைகள்தான், லேபிளை மட்டும் மாற்ற வேண்டும் என்றார். உள்துணியில் இருக்கும் பழைய லேபிளைத் தையல் பிரிக்கும் கத்தியால் எடுத்துவிட்டு, இந்த நாட்டில் செய்தது என்ற புது லேபிளை வைத்துத் தைக்க வேண்டும். பழைய லேபிளில் வெறும் எண்கள்தான் இருந்தன. ஆளுக்கு ஒரு நாளைக்கு முந்நூறு பை.

முதல் பெட்டியைப் பிரித்ததும் பதினாலக்கா தோள்வாரின் அடியைத்தான் பார்த்தாள். சதுரம், பெருக்கல் குறி, அதைத் தாண்டி மூன்று தையல். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பக்கத்தில் இருந்தவளைக் கூப்பிட்டுக் காட்டினாள். "இங்க பாரு, நான் தைச்சதுடி. என் மிஷின்தான்." அன்று முழுக்க அவளுக்குக் கை ஓடிய வேகத்தைப் பார்த்து ஸ்பேனரே பக்கத்தில் வந்து நின்று வேடிக்கை பார்த்தார்.

மூன்றாம் நாள்தான் அவளுக்கு உறுத்தியது. அவள் எடுத்த ஒவ்வொரு பையிலும் அந்த மூன்று தையல் இருந்தது. எட்டு மிஷினில் தைத்த சரக்கென்றால் எட்டில் ஒன்றில்தானே இருக்க வேண்டும்? பக்கத்து மேஜைப் பைகளைப் புரட்டினாள். இருந்தது. பிரிக்காத பெட்டி ஒன்றை இழுத்துப் பிரித்தாள். அதிலும் இருந்தது. அதோடு அந்த மூன்று தையலும் அளவெடுத்தாற்போல ஒரே சீராக இருந்தன. பிரேக் பிடிக்காமல் ஓடிய தையல் அப்படி இருக்காது, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கோணும். இது நல்ல மிஷினில், வேண்டுமென்றே எண்ணிப் போட்ட தையல்.

அவளுக்கு விளங்கிவிட்டது. அங்கே எங்கோ ஒரு பெண்ணுக்கு அந்தப் படத்தைக் காட்டியிருக்கிறார்கள். அந்தப் பெண் பதினாலாம் மிஷினின் கோளாறையும் பாடமாக எடுத்துக்கொண்டு, ஒன்பது வருடமாக ஒரு பை விடாமல் மூன்று தையல் கூடுதலாகப் போட்டிருக்கிறாள். அவளைப் பார்த்து அங்கே எத்தனை பேர் போடுகிறார்களோ. இவை கிடங்கில் கிடந்த பழைய பைகள் இல்லை, அங்கே இப்போது தைத்தவை. தொழிற்சாலை அங்கேயேதான் இருக்கிறது. இங்கே வந்தது லேபிள் மட்டும்தான்.

மதியம் தம்பியைக் கிடங்கின் பின்னால் பிடித்தாள். அவனுக்கு இப்போது மேற்பார்வையாளர் வேலை, கழுத்தில் அட்டை. அவள் பையைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னாள். அவன் அதிர்ச்சியடைவான் என்று எதிர்பார்த்தாள். அவன் பையைக் கையில்கூட வாங்கவில்லை. ரெண்டாவது லோடு வந்தபோதே தெரியும், மிஷின் வரும் வரை வாயைத் திறக்காமல் இரு என்றான்.

அவள் வாயைத் திறந்தாள். அடுத்த வாரம் அரசாங்கத்து அதிகாரி தணிக்கைக்கு வந்தார். கண்ணாடி போட்ட, சாந்தமான ஆள். அவர் மேஜை மேஜையாக வந்தபோது பதினாலக்கா எழுந்து நின்று, அந்த மூன்று தையலைக் காட்டி, இது இங்கே தைத்த பை இல்லை என்றாள். கூடமே நின்றுபோனது. மேலாளர் முகத்தில் ஈயாடவில்லை. அதிகாரி பொறுமையாகக் கேட்டார், தலையாட்டினார், கையிலிருந்த விதிப் புத்தகத்தைப் புரட்டினார்.

"நீங்க சொல்றது உண்மைதாம்மா. ஆனா விதிப்படி கடைசி வேலை இங்க நடந்தா போதும். லேபிள் தைக்கறது கடைசி வேலைதான். அறுபது பேர் இருக்கீங்க, எண்ணிப் பாத்துட்டேன். இதுல தப்பு ஒண்ணும் இல்ல."

அவள் உட்கார்ந்துவிட்டாள். பொய் சொன்னால் பிடிக்கலாம். மேலாளர் அவர்களிடம் சொன்ன பொய் விதிக்குக் கணக்கில்லை, அரசாங்கத்திடம் ஒருவரும் பொய் சொல்லவில்லை என்றால் யாரைப் பிடிப்பது? அவளை வேலையை விட்டும் அனுப்பவில்லை. ஓர் ஆள் குறைந்தால் ஓர் ஆளின் பாதிச் சம்பளம் குறையும் அல்லவா.

வழக்காவது இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். சனிக்கிழமை அரைநாள் விடுப்பு போட்டுத் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனாள். வீட்டுக்காரரிடம் ஒரு தேதி சொல்ல வேண்டும், அடுத்த வாய்தா எப்போது என்று கேட்கத்தான் போனாள். குமாஸ்தா பேரேட்டைப் புரட்டி, இந்த வழக்கு முடிந்து நாலு மாதம் ஆகிறதே என்றார். தீர்ப்பா என்று கேட்டாள். தீர்ப்பு இல்லை, வாபஸ் என்றார். நிலுவையில் வழக்கு இருந்தால் கம்பெனிக்கு அரசாங்க உதவி கிடைக்காது, அதனால் உங்கள் சங்கமே எழுதிக் கொடுத்துவிட்டது என்றார். நகல் கேட்டாள். எழுத்துக் கூட்டிப் படித்தாள். தொழிலாளர் இருநூற்றுப் பதினாலு, பாக்கி ஏதும் இல்லை. கீழே தம்பியின் கையெழுத்து, அகலமாக, அழகாக இருந்தது.

மறுநாள் காலையில் அவள் பாத்திரங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருக்கும்போது தம்பி வந்தான். பணம் வராது, வீட்டைக் காலி செய்கிறேன் என்று வீட்டுக்காரரிடம் அவள் முந்தின சாயங்காலமே சொல்லிவிட்டாள். அவர் வருத்தப்பட்டார், ஒரு மாதம் கூடுதலாக இருந்துகொள் என்றார். அவள் நகல் வாங்கிய செய்தி குமாஸ்தா மூலம் தம்பிக்குப் போயிருந்தது, அவன் வாசலிலேயே நின்றான். முகம் வாடி, இரண்டு நாள் சவரம் செய்யாமல் இருந்தான். இருநூறு மிஷின், இருநூறு பேருக்கு வேலை, அதற்காகத்தான் போட்டேன், நீதிமன்றத்தில் இன்னும் ஒன்பது வருடம் போனாலும் ஒரு காசு வந்திருக்காது என்றான்.

"மிஷின் வரும்னு எழுதிக் குடுத்தாங்களாடா?"

"வாயால சொன்னாங்கக்கா."

"அவங்க வாயால சொன்னதுக்கு நீ எழுதிக் குடுத்துட்டே."

அவன் சட்டைப்பையிலிருந்து ஓர் உறையை எடுத்து அடுப்பு மேடைமேல் வைத்தான். தன் சம்பளத்திலிருந்து எடுத்ததாம். மாதம் மூவாயிரம், அக்காவின் பங்கை மட்டுமாவது நானே அடைத்துவிடுகிறேன், எத்தனை வருடமானாலும் சரி என்றான். அவன் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. கட்டத்தான் கட்டுவான். மற்ற இருநூற்றுப் பதிமூன்று பேரைப் பற்றி அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு உறையை எடுத்தாள், பிரிக்காமலே அவன் சட்டைப்பையில் திரும்ப வைத்தாள்.

"பாக்கி ஏதும் இல்லன்னு நீயே கையெழுத்துப் போட்டிருக்கே. இல்லாத கடனுக்கு எதுக்குடா பணம்?"

"அக்கா..."

"தீந்து போச்சு. உனக்கும் எனக்கும் ஒண்ணும் இல்ல. போ."

அவன் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் குனிந்து, பெட்டியின் மூடியை முழங்காலால் அழுத்திக் கயிறு கட்டத் தொடங்கினாள். மூன்றாவது முடிச்சு போடும்போது அவன் படியிறங்கும் சத்தம் கேட்டது.