பஸ்ஸில் போன முகம்

வார்டு போன் அடித்தபோது நர்ஸ் ஒரு நோயாளிக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தாள். ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, யார் என்று கேட்டாள்.

"இங்க பஸ்ஸு முழுக்க உன் முகம்தான். நல்லா சிரிக்கிற."

அவள் அடி தாங்காமல் மகளைத் தூக்கிக்கொண்டு கட்டிய புடவையோடு ஓடிவந்து வருஷங்கள் ஆகிவிட்டன. புருஷனின் குரல் மட்டும் கொஞ்சமும் மாறவில்லை. லீவு போட்டுவிட்டதாகவும் வெள்ளிக்கிழமை வருவதாகவும் சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

வினை வந்தது இப்படித்தான். வெளிநாட்டு நோயாளிகளை இங்கே சிகிச்சைக்கு வரவழைக்க அரசாங்கம் அந்த நாடுகளில் தடபுடலாக விளம்பரம் செய்தது. படம் பிடிக்க வந்த விளம்பரத் துறை அதிகாரியிடம் தன் முகம் வேண்டாம் என்று அவள் ஒதுங்கித்தான் நின்றாள். வெளிநாட்டில் மட்டும்தான் வரும், உள்ளூரில் ஈ காக்கைகூடப் பார்க்காது என்று அவர் அடித்துச் சொன்னார். புருஷன் பழைய ஊரிலேயே கிடப்பதாக நினைத்து அவளும் தலையாட்டிவிட்டாள். அவன் கடல் கடந்து வேலைக்குப் போன சங்கதியை அவளுக்கு யார் சொல்வார்கள்? சீருடையில் ஆஸ்பத்திரியின் பெயர் பளிச்சென்று தெரிய, அவள் முகம் அந்த ஊர் பஸ்களில் ஊர்வலம் போயிற்று.

மறுநாள் அதிகாரியைத் தேடிப் போய், நடந்ததைச் சொல்லிப் படத்தை எடுக்கச் சொன்னாள். மேஜை நிறைய வழவழப்பான பிரசுரங்கள். மந்திரி தொடங்கிவைத்தது, ஒப்பந்தம் முடியும்வரை கழற்ற வழியில்லை என்றார் அவர். பிறகு குரலைத் தணித்து, அவன்தான் பார்த்துவிட்டானே, இனிமேல் கழற்றி என்ன பயன் என்றும் கேட்டார். கேள்வி நியாயம்தான்.

அவர் தலைக்குப் பின்னால் அதே துறை உள்ளூருக்காக அச்சடித்த போஸ்டர் தொங்கியது. வீட்டில் அடி வாங்கும் பெண்கள் தயங்காமல் கூப்பிட ஒரு நம்பர். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளே அதை ஒட்டியிருக்கிறாள்.

"நேத்துலேர்ந்து இதுக்குத்தான் சார் அடிக்கிறேன். நீங்க ஒரு தடவை அடிச்சுப் பாருங்க."

அவர் ஸ்பீக்கரில் போட்டார். மணி அடித்து அடித்துத் தானே ஓய்ந்தது. மறுபடி போட்டார். அதே கதை. போஸ்டருக்குப் பணம் வந்தது, பஸ்ஸுக்கும் வந்தது, போனை எடுக்க ஆள் கேட்டதற்குத்தான் பதிலே வரவில்லை என்று யாரிடமோ முறையிடுவதுபோல் முணுமுணுத்தார்.

"நான் செத்தா அந்தப் படத்த எடுப்பீங்களா சார்?"

அவர் கார் சாவியை எடுத்தார்.

"வாங்க சிஸ்டர், ஸ்டேஷனுக்குப் போலாம். யார் மேல தப்புன்னு நானே சொல்றேன்."

அவன் இன்னும் ஒன்றும் செய்யவில்லையே என்று இன்ஸ்பெக்டர் இழுத்தார். இது எங்கள் துறையால் வந்த ஆபத்து என்று அதிகாரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். தன் வேலைக்குத் தானே உலை வைத்துக்கொள்கிறோம் என்பது அவருக்குத் தெரியாமலில்லை.

வெள்ளிக்கிழமை, பார்வையாளர் நேரம். வார்டு பொறுப்பிலிருந்த பெரிய சிஸ்டர் அவளை மருந்தறைக்குள் இருந்துகொள்ளச் சொன்னாள். அவள் கேட்கவில்லை. இன்ஸ்பெக்டர் அனுப்பிய கான்ஸ்டபிள் ஒருவர் சாதாரண உடையில் காலிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

அவன் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில், கூட்டத்தோடு கூட்டமாக வந்தான். பார்ப்பவர்களுக்குப் பாசம்போல் தெரியும்படி அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"கிளம்பு. குழந்தை எங்க?"

அவள் இத்தனை வருஷம் மூடி மறைத்துவைத்திருந்ததை வார்டுக்கே கேட்கும்படி சொன்னாள்.

"இவர் என் புருஷன். இவர் அடிக்குப் பயந்துதான் இந்த ஊருக்கு ஓடி வந்தேன். இப்பவும் விடமாட்டேங்கிறார், பாருங்க."

அவன் சிரித்தபடியே பிடியை இறுக்கினான். எலும்பு நொறுங்குவதுபோல் வலித்தது. பெரிய சிஸ்டர் குறுக்கே புகுந்து அவன் விரல்களைப் பிரித்துப் பிடுங்கினாள். கான்ஸ்டபிள் அவன் தோளில் கை வைத்தார்.

அவனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனதும் அவள் ஊசி போடப் போனாள்.

அவன் அவளையும் மகளையும் நெருங்கக் கூடாது என்று கோர்ட் உத்தரவு போட்டது. அதிகாரியை எங்கோ எல்லைப்புற ஊருக்குத் தூக்கியடித்தார்கள். நன்றி சொல்ல அவள் அவர் வீட்டுக்குப் போனபோது, பாதி கட்டிய மூட்டைகளுக்கு நடுவிலிருந்து எழுந்துவந்து அவர் மனைவி கதவைத் திறந்தாள். உள்ளே வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நர்ஸுக்கு அது நியாயமாகவே பட்டது. வாசலில் நின்றபடியே நன்றியைச் சொல்லிவிட்டு டியூட்டிக்குத் திரும்பினாள்.