மேவிஸ் தாக்ரே எழுதிய பதில்

லீட்ஸ் நகரத்தில் வார்டேல் டெலிவிஷன் என்றொரு நிறுவனம் இருந்தது. அதன் நாடகப் பிரிவில் மேவிஸ் தாக்ரே தயாரிப்பாளர். நான் அவருக்குக் காரியதரிசி. 1963இல் சேர்ந்தேன், அவர் ஓய்வுபெறும் வரை கூடவே இருந்தேன்.

தட்டச்சுக்காரியாக உள்ளே நுழைந்து, மற்றவர்கள் எழுதிய கதைவசனங்களைத் திருத்தித் திருத்தி மேலே வந்தவர் மேவிஸ். அந்தப் பதவியில் அதுவரை பெண்கள் யாரும் இருந்ததில்லை. பிரிவின் தலைவர் மெர்வின் கோட்ஸ் ஒருநாள் எல்லார் முன்னாலும், "ஒரு பொம்பளைக்கு எதுக்கும்மா இவ்வளவு தலைவலி?" என்று கேட்டார். "தலைவலி எனக்குத்தானே சார். மாத்திரை மட்டும் நீங்க முழுங்கிட்டே இருக்கீங்க" என்றார் மேவிஸ். அறையே சிரித்தது. கோட்ஸும் சிரித்தார். ஆனால் மறக்கவில்லை. அடுத்த இரண்டு நாடகங்களும் யாரும் பார்க்கவில்லை என்றபோது, "இன்னும் ஒண்ணு. அதுவும் விழுந்தா மறுபடி டைப்ரைட்டர்தான்" என்று சொல்லிவிட்டார்.

அந்த இன்னொன்றுதான் 1967இல் வந்தது. கல்யாணமாகாமல் பிள்ளை பெற்ற ஒரு இளம்பெண், ஆறு வாரம் பாலூட்டிவிட்டுக் குழந்தையைத் தத்துக் கொடுக்கும் கதை. எழுதியவர் திறமைசாலி, ஆனால் கடைசிக் காட்சி அவருக்கு அமையவில்லை. பிள்ளையைக் கொடுக்கும் இடத்தில் அந்தப் பெண் பக்கம் பக்கமாகப் பேசினாள். எல்லாரும் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

மேவிஸ் மெதுவாகச் சொன்னார்: "அவ பேச வேண்டாம். குழந்தைக்கு ஒரு கம்பளிச் சட்டை பின்னியிருக்கா. மஞ்சள். யுத்தம் முடிஞ்ச சமயம், நூலுக்கும் ரேஷன். கூப்பன் தீர்ந்துபோச்சு, நூல் பத்தலை. அதனால ஒரு கை மட்டும் வெள்ளை. குடுக்கும்போது, 'அந்தக் கையை மன்னிச்சுக்கோங்க'ன்னு சொல்றா. அவ்வளவுதான்."

எழுத்தாளர் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். மேவிஸின் முகம் வெளுத்திருந்தது. எனக்கு அப்போது காரணம் தெரியாது.

ஒரு கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள். மறுநாள் காலை நான் அலுவலகத்துக்குள் நுழைந்தபோதே தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. கிரிம்ஸ்பியிலிருந்து அவருடைய தங்கை எனிட். மேவிஸிடம் கொடுத்தேன். ரிசீவருக்கு வெளியேயும் அந்தக் குரல் கேட்டது.

"சட்டையை ஏன் போட்ட, மேவிஸ்? ஊரை மாத்தின, பேரை மாத்தின. அதை மட்டும் ஏன் அப்படியே போட்ட? உன்கிட்ட மட்டும்தானே சொல்லியிருந்தேன்?"

"எனிட், நான்..."

"ஹரால்ட் பக்கத்துல உக்காந்து டீ குடிச்சுக்கிட்டே பார்த்தாரு. 'என்ன தாயோ, பெத்ததைத் தூக்கிக் குடுக்கிறா'ன்னாரு. நான் ஆமாங்கன்னு சொன்னேன். கேட்டுச்சா? ஆமாங்கன்னு சொன்னேன்."

தொடர்பு அறுந்தது. பதினேழு வயதில் எனிட் லிங்கன் நகரத்தில், கல்யாணமாகாத தாய்மார்களுக்கான ஒரு விடுதியில் பிள்ளை பெற்றுத் தத்துக் கொடுத்ததையும், கணவர் ஹரால்டுக்கு அது தெரியாது என்பதையும் மேவிஸ் அன்றுதான் எனக்குச் சொன்னார். "யோசிச்சுப் பண்ணலை, நோரா. நாடகம் நல்லா வரணும்னு நினைச்சேன். வந்துடுச்சு" என்றார்.

கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்தன. மூன்றாவது வாரம் ஷெஃபீல்டிலிருந்து ஒன்று. எழுதியவள் ஜூடித், பத்தொன்பது வயது, செவிலியர் பயிற்சியில் இருப்பவள். 'நான் தத்துப்பிள்ளை. என்னோடு வந்த சட்டை மஞ்சள், ஒரு கை வெள்ளை. என் வளர்ப்புத்தாய் நாடகத்தைப் பார்த்துவிட்டு அழுது, அதைப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினார். இந்தக் கதை உங்களுக்கு எங்கிருந்து கிடைத்தது? தயவுசெய்து சொல்லுங்கள்.'

படித்துவிட்டு மேவிஸிடம் நீட்டினேன். அவர் மேலங்கியை மாட்டிக்கொண்டு, "உன் காரை எடு" என்றார்.

கிரிம்ஸ்பியில் எனிட் கதவைப் பாதிதான் திறந்தார். நான் காரிலேயே இருந்தேன். கண்ணாடியை இறக்கிவிட்டிருந்ததால் எல்லாம் கேட்டது.

"அவ எழுதியிருக்கா, எனிட். உயிரோட இருக்கா. நல்லா இருக்கா."

எனிட் நிலையைப் பிடித்துக்கொண்டார். கடிதத்தைத் தொடவில்லை. "கற்பனைன்னு எழுதிடு."

"ஒரு தடவை படிச்சுப் பாரேன்."

"ஹரால்ட் பின்னாடி தோட்டத்துல இருக்காரு. மெதுவாப் பேசு. எல்லாம் கற்பனை, ஒரு வார்த்தைகூட நிஜமில்லைன்னு எழுது. எனக்காக ஒண்ணே ஒண்ணு பண்ணு மேவிஸ், இதைப் பண்ணு."

கதவு சாத்திக்கொண்டது. மேவிஸ் படியில் கொஞ்ச நேரம் நின்றார். தட்டுவதற்குக் கையைக்கூட உயர்த்தினார். பிறகு வந்து காரில் ஏறினார்.

மறுநாள் அந்தப் பதிலை நான்தான் தட்டச்சு செய்தேன். "இது அந்தப் பொண்ணுக்குச் செய்ற துரோகம்" என்றேன். "எனிட் சம்மதத்தைக் கேக்காம ஒரு தடவை பண்ணிட்டேன். இரண்டாவது தடவை பண்ண மாட்டேன்" என்று சொல்லிக் கையெழுத்திட்டார்.

அந்த நாடகத்துக்குப் பரிசு கிடைத்தது. கோட்ஸ் ஷாம்பெயின் வாங்கித் தந்தார். ஆனால் அதற்குப் பிறகு மேவிஸ் நம் காலத்து மனிதர்களைப் பற்றிய கதை எதையும் தொடவில்லை. மாளிகை, குதிரைவண்டி, தொப்பி வைத்த சீமான்கள் என்று நூறு வருடத்துக்கு முந்தைய கதைகளையே தொடர்களாக எடுத்தார். அவை அமெரிக்கா வரை விற்றன. இளம் எழுத்தாளர்கள், "கிழவிக்குப் பயம் வந்துடுச்சு" என்று காது படவே பேசினார்கள். அவர் காதில் வாங்கியதாகக் காட்டிக்கொள்ளவில்லை. கிரிம்ஸ்பிக்கு அனுப்பிய கிறிஸ்துமஸ் வாழ்த்துகளுக்கு ஹரால்டின் கையெழுத்தில்தான் பதில் வரும். ஹரால்ட் இறந்த பிறகு அதுவும் நின்றது.

தத்துப்பிள்ளைகள் தங்கள் பிறப்புச் சான்றிதழைக் கேட்டு வாங்கலாம் என்று சட்டம் மாறியது. 1977 வசந்தத்தில் ஜூடித் தானாகவே தேடிப் போய் எனிட்டின் கதவைத் தட்டியிருக்கிறாள். எனிட் திறந்திருக்கிறார். இதெல்லாம் எங்களுக்கு அடுத்த வருடம்தான் தெரிந்தது. எனிட்டுக்கு வயிற்றில் புற்றுநோய், பார்க்க விரும்புகிறார் என்று மருத்துவமனையிலிருந்து செய்தி வந்தது. நானும் போனேன்.

எனிட் தலையணையின் பாதியளவுகூட இல்லை. அக்காவின் பக்கம் திரும்பினார்.

"நான் வேண்டாம்னு சொன்னேன். நீ கேட்டுக்கிட்ட."

"நீ சொன்னபடிதான் எழுதினேன், எனிட்."

"சின்ன வயசுலேர்ந்து நான் சொன்ன எதையாவது நீ கேட்டிருக்கியா? அன்னிக்கு மட்டும் ஏன் கேட்ட? கதவைச் சாத்திட்டு அங்கேயேதான் நின்னேன். நீ இன்னொரு தடவை தட்டுவியோன்னு பார்த்தேன். கார் கிளம்புற சத்தம்தான் கேட்டுச்சு."

மேவிஸ் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டார்.

"நான்தான் எழுதச் சொன்னேன்னு ஜூடித்கிட்ட சொல்லலை" என்றார் எனிட். "வாய் வரலை."

ஒன்பது நாள் கழித்து எனிட் போய்விட்டார். அடக்கம் முடிந்து, தேவாலயக் கூடத்தில் எல்லாரும் டீயும் பன்றியிறைச்சி சாண்ட்விச்சும் வைத்துக்கொண்டு நின்றோம். உயரமான ஒரு பெண் நேரே எங்களிடம் வந்தாள். தாடை அப்படியே எனிட்.

"அந்தக் கடிதத்துல கையெழுத்து உங்களோடதுதானே?"

"என்னோடதுதான்" என்றார் மேவிஸ்.

"ஒரு வார்த்தைகூட நிஜமில்லைன்னு எழுதியிருந்தீங்க. நம்பிட்டேன். பத்து வருஷம் தேடவே இல்லை. அம்மாவோட எனக்குக் கிடைச்சது பதினாலு மாசம்."

நான் வாயைத் திறந்தேன். மேவிஸ் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார், வலிக்கிற அளவுக்கு. "மன்னிச்சுடும்மா" என்று மட்டும் சொன்னார். ஜூடித் திரும்பிப் போய், வந்தவர்களுக்கு டீ ஊற்ற ஆரம்பித்தாள். எங்கள் பக்கம் வரவில்லை.

ரயிலில் நான் பொறுக்க முடியாமல் கேட்டேன். "உண்மையைச் சொல்லியிருந்தா என்ன?"

"சொன்னா அவளுக்கு அம்மா மேல கோபம் வரும். கோபப்பட அவளுக்கு வேற ஆள் இருக்கட்டும்" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டான்காஸ்டர் நிலையம் வரும்வரை அவர் தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது.

இன்னும் இரண்டு தொடர்கள் தயாரித்துவிட்டு மேவிஸ் ஓய்வுபெற்றார். பிரிவுபசார விழாவில் பேசிய ஒவ்வொருவரும் அந்த 1967 நாடகத்தைத்தான் புகழ்ந்தார்கள். 1986இல் அவர் இறந்தபோது பத்திரிகைகளும் அதையேதான் எழுதின. ஜூடித்துக்குத் தகவல் அனுப்பினேன். அவள் வரவில்லை.

அவளுடைய விலாசம் இன்னும் என்னிடம் இருக்கிறது. எழுதிவிடலாம் என்று பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். மேவிஸின் பெயரைக் காப்பாற்றினால் எனிட்டின் பெயர் போகும். இருவரும் இப்போது இல்லை. எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. நான் எழுதவில்லை.