ஓரகத்தியின் கண்

சட்டைத் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடமாகக் காலர் தைப்பவள் மூத்தவள். வந்து இரண்டே வருடத்தில் சரிபார்க்கும் மேசைக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள் அவளுடைய ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி. அன்றிலிருந்து மூத்தவளுக்கு வயிறு எரிந்தது. கை துணியைத் தள்ளினாலும் கண் அந்த மேசையை விட்டு நகராது.

இளையவள் வெளிறிக்கொண்டே வந்தாள். "நிறம் கூடிக்கிட்டே போகுதே" என்றார்கள் மற்றவர்கள். படியேற அவளுக்கு மூச்சு வாங்கினால், "சொகுசு" என்று முணுமுணுப்பாள் மூத்தவள். டப்பாவில் ஐஸ்கட்டி கொண்டுவந்து நாள் முழுதும் நறநறவென்று கடிப்பதும் பகட்டாகத்தான் பட்டது. மாதத்தில் பத்து நாள் அடிக்கடி கழிப்பறைக்கு எழுந்து போவதைக்கூட எண்ணி வைத்திருந்தாள்.

ஒரு காலை இளையவளின் கையிலிருந்து கத்தரி விழுந்தது. குனிந்தாள், விரல் மடங்கவில்லை. வாய் ஒரு பக்கம் கோணியது. 'நடிக்கிறா' என்றுதான் மூத்தவள் முதலில் நினைத்தாள். "அக்கா" என்று கூப்பிட வந்தது வெறும் குழறலாகக் கேட்டதும் மெஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "கடைசியா எப்போ நல்லா இருந்தாங்க?" என்று கேட்டார். தகவல் கேட்டு ஓடிவந்திருந்த கொழுந்தன் மூத்தவளைப் பார்த்தான்.

"பத்து இருபதுக்குச் சிரிச்சுப் பேசிக்கிட்டு இருந்தா. பத்து இருபத்தஞ்சுக்குக் கத்தரி விழுந்துச்சு" என்றாள் மூத்தவள். ஐஸ், மூச்சிரைப்பு, மாதப்போக்கு எல்லாவற்றையும் கேட்காமலே கொட்டினாள்.

சோதனை முடிவைப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: "மாசாமாசம் அதிகமாப் போய், உடம்புல இருக்க வேண்டிய ரத்தம் பாதிதான் இருக்கு. ஐஸ் கடிக்கிறது, மூச்சு வாங்குறது எல்லாம் அதோட அறிகுறிதான். இரும்புச்சத்து இவ்வளவு குறைஞ்சா, அபூர்வமா சிலருக்கு ரத்தத்தை உறைய வைக்கிற அணு கூடிடும். கழுத்து ரத்தக்குழாய்ல ரத்தம் உறைஞ்சு கட்டியாகி, அதுல ஒரு துணுக்கு மூளைக்குப் போயிருக்கு. நீங்க நேரம் சொன்னதாலதான் கட்டியைக் கரைக்கிற மருந்தை உடனே கொடுக்க முடிஞ்சுது."

"கூடவே இருக்கிற எனக்குத் தெரியல அண்ணி. நீங்க தாய் மாதிரி பார்த்திருக்கீங்க" என்று கண் கலங்கினான் கொழுந்தன். அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

மூன்றாம் நாள் இளையவளுக்குப் பேச்சு திரும்பியிருந்தது. வலது கைதான் இன்னும் சொன்னபடி கேட்கவில்லை. கொழுந்தன் அவளுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தான். தன் புருஷன் ஒரு நாளும் தன் தலையைத் தொட்டதில்லை என்பது வாசலில் நின்ற மூத்தவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

"நான் உன்ன அக்கறையில கவனிக்கல. வயித்தெரிச்சல்லதான் கவனிச்சேன்" என்றாள்.

"தெரியும்க்கா" என்றாள் இளையவள், வார்த்தை வார்த்தையாக. "உங்க கண்ணு முதுகுல சுட்டுக்கிட்டே இருக்கும்."

மூத்தவள் கட்டிலருகே போனாள்.

"நகருங்க தம்பி. சிக்கெடுக்கத் தெரியாம முடியப் பிய்க்கிறீங்க."